சத்து மாத்திரைகள்: ஒரு வருடம் சாப்பிட்டதில் எது உடம்பில் சேர்ந்தது

போன வருடம் ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். எங்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டுக் கட்டோடு ஏறியவள் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. பின்னால் வந்த பிளஸ் டூ மாணவி நோட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு, “டீச்சர், உங்க உதடெல்லாம் வெளுத்துக் கிடக்கு” என்றாள். அன்று சாயங்காலமே போய் ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 8.7. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. வைட்டமின் டி 11. மூன்றுமே குறைவு. எனக்கு வயது 46.

டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, அதனால்தான் மாதாமாதம் ரத்தப்போக்கு அதிகம் என்று தெரிந்தது. அதற்கு அன்றைக்கே தனியாக மருந்து ஆரம்பித்துவிட்டார். கூடவே மூன்று சத்து மாத்திரைகள் எழுதினார்: தினமும் ஒரு இரும்பு, தினமும் ஒரு கால்சியம், வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட். இது போதாதென்று நானே ஆன்லைனில் ஒரு வெளிநாட்டு மல்டிவைட்டமின் டப்பாவும் வாங்கினேன். அம்மாவுக்கு ஏற்கெனவே பி12 மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஆக எங்கள் அடுக்களை அலமாரியில் ஐந்து வகை சேர்ந்துவிட்டது. இந்த ஐந்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். விழுங்கியது உடம்பில் சேர்ந்ததா என்ற ஒன்றை வைத்துத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். சத்து மாத்திரைக்கு அதுதானே பரீட்சை.

முதலில் இரும்பு. எனக்கு எழுதித் தந்தது ஃபெரஸ் அஸ்கார்பேட். ஒரு மாத்திரையில் 100 மி.கி. இரும்பு, 1.5 மி.கி. ஃபோலிக் அமிலம். காலை ஐந்தே முக்காலுக்குக் காப்பி போடுவேன். அந்தக் காப்பியோடு இரும்பு, கால்சியம், மல்டிவைட்டமின் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிவிடுவேன். ஒரே வேலையாக முடிந்துவிடும், மறக்கவும் மறக்காது. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை. மலம் கறுப்பாகப் போனது, வயிறு கட்டிக்கொண்டது. கறுப்பாகப் போனால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம் என நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். செப்டம்பரில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 9.1. தொண்ணூறு மாத்திரைக்கு 0.4 புள்ளி. ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டு பரிசோதனை நிலைய வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றேன். கட்டி பெரிதாகிவிட்டதோ, வேறு ஏதும் பெரிய வியாதியோ என்று மனசு எங்கெங்கோ போனது.

வழி காட்டியவர் நாங்கள் வழக்கமாக வாங்கும் மெடிக்கல் ஷாப்பில் இருக்கும் தம்பி. பி.ஃபார்ம் படித்தவர். ஸ்ட்ரிப்பை எடுத்துக் கொடுக்கும்போது, “டீச்சர், இத எப்பச் சாப்பிடுறீங்க, எதோட சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். மூன்று மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் காப்பி என்றதும் மருந்துக் கவரைத் திருப்பிப் போட்டு, பேனாவால் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இரும்பு, அந்தப் பக்கம் காப்பி, டீ, பால், கால்சியம். “இந்தப் பக்கத்துக்காரங்க அந்தப் பக்கம் வரவே கூடாது” என்றார். அந்தக் கவர் இன்னும் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

வேதியியல் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டியது. காப்பியிலும் டீயிலும் உள்ள பாலிபீனால்கள் குடலுக்குள் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட இரும்பு குடல் சுவரைத் தாண்டாது. கறுப்பாகப் போவது அப்படித் தாண்டாத இரும்புதான். 1983இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வை அதன்பிறகு தேடிப் படித்தேன். சாப்பாட்டோடு ஒரு கப் காப்பி குடித்தவர்களுக்கு, அந்தச் சாப்பாட்டில் இருந்த இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தவர்களுக்கு 64 சதவீதம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடுத்த வரி. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காப்பியால் எந்தக் குறைவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காப்பி, கூடவே குடித்தது போலத்தான் கெடுத்தது. அது உணவில் உள்ள இரும்பைப் பற்றிய ஆய்வு, மாத்திரையைப் பற்றியதல்ல. ஆனாலும் அதைப் படித்தபின் காப்பிக்கும் மாத்திரைக்கும் நடுவே ரெண்டு மணி நேரம் விடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். தம்பி, “டாக்டர்கிட்ட ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமான்னு கேட்டுப் பாருங்க டீச்சர்” என்றார். பாதியாகக் குறைத்தால் எப்படி ஏறும் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் டாக்டரம்மா உடனே சரி என்றார். காரணத்தையும் சொன்னார். கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒன்றைச் சுரக்கிறது. இரும்பு உடம்புக்குள் வந்ததும் அது ஏறி, குடலில் இரும்பு நுழையும் வாசலைச் சாத்துகிறது. அந்தக் கதவு திறக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். தினமும் போட்டால் இரண்டாவது நாள் மாத்திரை பாதி சாத்திய கதவில் போய் முட்டுகிறது. சுவிட்சர்லாந்தில் சூரிச் ஆய்வாளர்கள் 40 பெண்களை வைத்து இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். தினமும் 60 மி.கி. எடுத்தவர்களுக்கு அதில் 16.3 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. ஒரு நாள் விட்டு எடுத்தவர்களுக்கு 21.8. அந்தப் பெண்கள் இரும்பு குறைந்தவர்களே தவிர, ரத்தசோகை வரை போனவர்கள் இல்லை. அதனால் எல்லோரும் தாங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். என் விஷயத்தில் டாக்டரம்மா சொல்லித்தான் மாற்றினேன்.

அக்டோபரிலிருந்து இப்படி: காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு இரும்பு, திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு, மறுபடி செவ்வாய் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள். காப்பி எட்டு மணிக்கு. முதல் பத்து நாள் அந்தக் காலைக் காப்பி இல்லாமல் தலைவலி பிடுங்கியது. அப்புறம் பழகிவிட்டது. வயிறு கட்டுவதும் பாதிக்குப் பாதி குறைந்தது. டிசம்பரில் 11.4. மார்ச்சில் 12.5, ஃபெரிட்டின் 31. ரத்தப்போக்குக்கான மருந்து ஜூனிலிருந்தே ஒரே அளவில்தான் ஓடியது, மாத்திரையும் அதே மாத்திரைதான். மாறியது நேரமும் துணையும்தான். மாதம் முப்பதுக்குப் பதில் பதினைந்து மாத்திரை, செலவும் பாதி. இரும்பு மாத்திரைக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். முதல் மூன்று மாதத்து 0.4க்கு அது பொறுப்பில்லை.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒன்று. வைட்டமின் சி இரும்பைச் சேர்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் தனியாக 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரையும் வாங்கச் சொல்வார்கள். 2020இல் சீனாவில் 440 பேரை வைத்து நடந்த ஒரு பரிசோதனையில், இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி மாத்திரையும் எடுத்தவர்களுக்கும் இரும்பை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கீரை, பருப்பு போன்ற நம் சாப்பாட்டில் உள்ள இரும்புக்கு எலுமிச்சை நன்றாகவே உதவும். மாத்திரைக்காக இன்னொரு மாத்திரை வாங்க வேண்டிய தேவை எனக்குப் படவில்லை. தோட்டத்து எலுமிச்சை இருக்கிறது, பிழிந்துகொள்கிறேன். வாய்க்கும் நன்றாக இருக்கிறது.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல நிற மாத்திரை கொடுக்கிறோம். அரசு தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை. 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்க வேண்டும். இத்தனை வருடமும் எண்ணிக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்து, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் மாத்திரையைப் போட்ட கையோடு சில பிள்ளைகள் டீக்கடைக்குப் போவதை நான் கவனித்ததே இல்லை. இப்போது கவனிக்கிறேன். மாத்திரை நாளில் சாயங்காலம் வரை டீ வேண்டாம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவிடுகிறேன். இலவச மாத்திரைதானே என்று யாரும் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்குவதில் இருக்கும் அதே இரும்புதான் அதிலும்.

அடுத்து கால்சியம். 500 மி.கி. கால்சியமும் 250 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் அலகு) வைட்டமின் டியும் சேர்ந்த சாதாரண மாத்திரை. இதில் இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுத்தமான சுண்ணாம்புக்கல். எடையில் 40 சதவீதம்தான் கால்சியம், ஆகவே 500 மி.கி. கிடைக்க 1250 மி.கி. தூள் வேண்டும். அதனால்தான் மாத்திரை அவ்வளவு பெரிது. வாங்கும்போது அட்டையைத் திருப்பி, ‘கால்சியம் இவ்வளவு’ என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். 1250 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இன்னொன்று, ஒரு வேளைக்கு 500 மி.கி.க்குள் இருந்தால்தான் குடல் நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆயிரத்தை ஒரே வாயில் போடுவதைவிட இரண்டு வேளையாகப் பிரிப்பது நல்லது.

கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். வயிற்றில் அமிலம் நன்றாகச் சுரப்பது சாப்பிடும்போது. அதனால்தான் இதைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறார்கள். இதை நான் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு முடிந்தபின் ஆய்வகத்தில் நான்கு மாணவிகளோடு உட்கார்ந்தோம். நான்கு பீக்கர், ஒவ்வொன்றிலும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 300 மி.லி. ஏன் 300 என்று ஒருத்தி கேட்டாள். அவளையே கணக்குப் போடச் சொன்னேன். 1250 மி.கி. கார்பனேட் என்றால் 12.5 மில்லிமோல், அதற்கு 25 மில்லிமோல் அமிலம், அப்படியானால் 250 மி.லி. கணக்கை முடித்துவிட்டு அவளே, “அப்ப வெறும் வயித்துல இவ்வளவு அமிலம் இருக்காதே டீச்சர்?” என்றாள். வயிற்றில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் சாப்பாட்டோடு ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

பீக்கர்களை வெந்நீர்த் தொட்டியில் 37 டிகிரியில் வைத்தோம். முதல் பீக்கரில் எனக்கு எழுதித் தந்த கால்சியம் மாத்திரை. இரண்டாவதில் மக்கள் மருந்தகத்தில் வாங்கிய, விலையில் பாதிக்கும் குறைவான ஜெனரிக் கால்சியம். மூன்றாவதில் இரும்பு. நான்காவதில் அந்த வெளிநாட்டு மல்டிவைட்டமின். போட்டதும் முதல் இரண்டிலும் சோடாவைத் திறந்தது போல நுரை கிளம்பியது. மேல்பூச்சு ஈரமான தாள் போல உரிந்து மிதந்தது. ஆறாவது நிமிடம் முதல் மாத்திரை இரண்டாகப் பிளந்து, பத்தாவது நிமிடத்தில் வெறும் வெள்ளைக் கலங்கலாகிவிட்டது. ஜெனரிக் மாத்திரை எட்டாவது நிமிடத்திலேயே முழுதாக உடைந்துவிட்டது. கண்ணாடிக் கோலால் கலக்கிய மாணவி கோலைத் தூக்கிக் காட்டினாள், அடியில் துகள்கூட இல்லை. இரும்பு மாத்திரை இருபது நிமிடத்துக்குள் பூச்சு கழன்று, பழுப்பு நிறமாகப் பரவியது.

நான்காவது அப்படியே கிடந்தது. அரை மணி நேரத்தில் பூச்சு ஊதி வழவழப்பானது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து இடுக்கியால் எடுத்துப் பார்த்தேன். நடுவில் கெட்டியாக ஒரு கட்டி, நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. மருந்து மாத்திரைகளுக்கு இந்தியப் பார்மகோபியா, அதாவது மருந்துத் தரத்துக்கான விதிநூல், கெடு வைத்திருக்கிறது. பூச்சில்லாதது 15 நிமிடத்தில் உடைய வேண்டும், மெல்லிய பூச்சுள்ளது 30 நிமிடத்தில். அதற்கென்று மேலும் கீழும் அசையும் கருவி உண்டு. எங்கள் பீக்கர் சோதனை அதற்கு ஈடாகாது. மெதுவாகக் கரைய வேண்டும் என்றே செய்யப்படும் மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் இந்த டப்பாவில் அப்படி ஒரு வரியும் இல்லை. வீட்டில் பார்க்க விரும்புகிறவர்கள் கால்சியம் கார்பனேட் மாத்திரையை வெள்ளை வினிகரில் போட்டு, அவ்வப்போது கலக்கிவிட்டு, அரை மணி நேரம் பாருங்கள். கரைந்துவிட்டால் வயிற்றிலும் கரையும் என்று நம்பலாம்.

கால்சியத்தை இப்போது இரவுச் சாப்பாட்டோடு எடுக்கிறேன், இரும்பிலிருந்து முடிந்தவரை தள்ளி. இரண்டும் ஒரே நேரத்தில் போனால் கால்சியம் இரும்பைச் சரியாக உள்ளே விடாது. முதல் மூன்று மாதம் காப்பி ஒரு பக்கம், கால்சியம் ஒரு பக்கம் என்று இரண்டையும் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் இரும்பை அனுப்பியிருக்கிறேன். ஜெனரிக் கால்சியத்துக்கு மாறிவிட்டேன். பீக்கரில் பார்த்தபின் அதிகம் கொடுக்க மனம் வரவில்லை.

என் மதினி கதையையும் இங்கே சொல்ல வேண்டும், பலருக்கு உதவும். அவர்களுக்குத் தைராய்டு. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அரை மணி நேரத்தில் கால்சியம் என்று இரண்டு வருடமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். தைராய்டு கட்டுக்குள் இருக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். எண் இறங்கவே இல்லை, மாத்திரையின் அளவைக் கூட்டுவதாக இருந்தது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். கவரில் போட்ட கோட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பினேன். கால்சியத்தை இரவுக்கு மாற்றினார்கள். அடுத்த பரிசோதனையில் பழைய அளவிலேயே எண் சரியாக வந்துவிட்டது.

வைட்டமின் டி பாக்கெட் மேல் எனக்குத் தனிப் பிரியம். வாரம் ஒரு தடவைதான், அதிலும் லேசான இனிப்பு. ஒரு பாக்கெட்டில் 60,000 ஐ.யூ. எண்ணைப் பார்த்து அம்மா பயந்தே போனார்கள். 40 ஐ.யூ. என்பது ஒரு மைக்ரோகிராம். 60,000 என்பது வெறும் ஒன்றரை மில்லிகிராம், பாக்கெட்டில் மீதியெல்லாம் சர்க்கரையும் மாவும். ஆனால் அந்த ஒன்றரை மில்லிகிராம் ஒரு வாரத்துக்கானது என்பதை மறக்கக் கூடாது. எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரின் மாமியார் அதைத் தினமும் கரைத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். ஐந்தாவது நாள் மறுபடி வாங்கப் போனபோது மெடிக்கல் ஷாப்பில் கண்டுபிடித்துத் தடுத்தார்கள். வைட்டமின் டி உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இது கொழுப்பில் கரைவது. நான் முதல் எட்டு வாரம் ஞாயிறு காலையில் வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். 11 இருந்தது 19 ஆனது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. வைட்டமின் டி எடுத்தும் ஏறாதவர்கள் 17 பேரிடம், அதே மாத்திரையை அன்றைய நாளின் பெரிய சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார்கள், வேறு எதையும் மாற்றவில்லை. ரத்தத்தில் அளவு சராசரியாக 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எங்கள் வீட்டில் பெரிய சாப்பாடு என்றால் ஞாயிறு மதியம்தான். எண்ணெய் மிதக்கும் குழம்பு, அவியல், தயிர். சாப்பிட்டு எழுந்ததும் ஒரு டம்ளர் பாலில் பாக்கெட்டைக் கலக்கிக் குடித்தேன். அடுத்த எட்டு வாரத்தில் 38. இரண்டாவது எட்டு வாரம் முதல் எட்டின் மேல் ஏறியது என்பதால் முழுப் பெருமையையும் சாப்பாட்டுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் இனி வெறும் வயிற்றில் குடிக்கவே மாட்டேன்.

பி12 அம்மாவுடையது. அம்மாவுக்கு 74 வயது, சுத்த சைவம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பதினைந்து வருடமாக. நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் ஆறேழு வருடமாக. இரண்டுமே நீண்ட நாள் எடுத்தால் பி12ஐக் குறைக்கக்கூடியவை. பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்று தினமும் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். சர்க்கரையால்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துவிட்டோம். பரிசோதித்தால் பி12 140தான், குறைவு. முதலில் ஊசி, அப்புறம் தினமும் 1500 மைக்ரோகிராம் மாத்திரை.

“ஏளா, ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவுதான் வேணும்?” என்று அம்மா கேட்டார்கள். 2.2 மைக்ரோகிராம் என்று நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். சொல்கிறது. அப்படியென்றால் 1500 எதற்கு? இந்த ஒரு கேள்விதான் சத்து மாத்திரை விஷயத்தையே எனக்குத் தெளிவாக்கியது. வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் பி12ஐக் கைபிடித்துக் கூட்டிப்போய்ச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒப்படைக்கிறது. அந்த வழியில் ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் போகாது. அம்மாவைப் போன்றவர்களுக்கு அதுவும் ஒழுங்காக நடக்காது. ஆனால் பெரிய அளவில் கொடுத்தால், யார் கையையும் பிடிக்காமல் நூற்றில் ஒரு பங்கு தானாகக் குடல் சுவர் வழியே கசிந்து உள்ளே போகும். 1500இல் நூற்றில் ஒரு பங்கு 15. தேவையைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. மீதி வெளியே போனாலும் கவலையில்லை. அம்மாவுக்குப் புரியும்படி, “அரிசியை ஒவ்வொரு மணியா எண்ணிக் கொடுக்க ஆள் இல்லம்மா, அதனால மூட்டையோட கொட்டுறோம், சிந்துனதுல நமக்கு வேண்டியது கிடைச்சுரும்” என்றேன். அன்றிலிருந்து ஒரு நாளும் அந்த மாத்திரையை விட்டதில்லை. நாக்குக்கடியில் வைத்துக் கரைக்கும் வகையும் வாங்கிப் பார்த்தோம். விழுங்குவதைவிட அது அதிகம் சேரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. விழுங்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு வசதி, அவ்வளவே. எட்டு மாதம் கழித்து அம்மாவின் அளவு 520. எறும்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் தூக்கம் வருகிறது.

பி காம்ப்ளெக்ஸ் பற்றிப் பலர் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். “எல்லாம் மஞ்சளா யூரின்லயே போயிருது, காசு வீண்” என்பார்கள். அந்த மஞ்சள் ரிபோஃபிளேவின், பி2. மாத்திரை கரைந்து, குடலைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, அப்புறம்தான் சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றுகிறது. ஆக, மஞ்சளாகப் போனால் சேர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நமக்கு நாளுக்குத் தேவை 2 மி.கி. அளவு, மாத்திரையில் 10 இருக்கிறது. மிச்சம் போகத்தானே செய்யும். குறைபாடு இல்லாதவர்களுக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி, எனக்குத் தேவைப்படவில்லை.

மல்டிவைட்டமின் டப்பாவுக்கு நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. 120 மாத்திரை, ஐந்தையும் சேர்த்து விலை இதற்குத்தான் அதிகம். ஒரே மாத்திரைக்குள் கால்சியமும் இரும்பும் துத்தநாகமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இருக்கின்றன. என்னுடைய குறைபாட்டுக்கு அதிலிருந்த 18 மி.கி. இரும்பு எந்த மூலைக்கு? பீக்கரில் கிடந்த கட்டியைப் பார்த்தபின் நிறுத்திவிட்டேன். அண்ணன் மகள் கொண்டுவந்து கொடுத்த, மென்று சாப்பிடும் வைட்டமின் மிட்டாய் (gummy) டப்பாவிலும் தேடினேன். அதில் இரும்பே இல்லை, சர்க்கரை இருந்தது.

மீதமிருந்த மாத்திரைகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். போன மாதம் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஒன்றை உரலில் இடித்துத் தூளாக்கி, அமிலத்தில் கரைத்து வடிகட்டி, ஹைட்ரஜன் பெராக்சைடு ரெண்டு சொட்டு விட்டு, அமோனியம் தயோசயனேட் சேர்த்தார்கள். சோதனைக்குழாய் ரத்தச் சிவப்பானது. இரும்பு இருக்கிறது, டப்பாவில் எழுதியிருந்தது உண்மை. “அப்ப ஏன் டீச்சர் உங்களுக்கு ஏறல?” என்று முன்பெஞ்சில் இருந்து ஒரு குரல். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் இரும்பு, அந்தப் பக்கம் காப்பி, டீ, பால், கால்சியம் என்று எழுதிப் போட்டேன். மணி அடித்த பிறகும் மூன்று பிள்ளைகள் நின்று, அதை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்கள். அம்மாவிடம் காட்ட வேண்டுமாம்.